கோனை எங்கே வைப்பது: ஆறு வயது முதல் பதினாறு வரை கால்பந்துப் பயிற்சி

ஏழு வயதுப் பிள்ளைகள் ஆடும்போது பந்து எங்கே போகிறதோ அங்கே எல்லாரும் போவார்கள். சில நேரம் கோல்கீப்பரும் கூடவே வந்துவிடுவார். கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர்கள் "பரவி நில்லுங்க, பரவி நில்லுங்க" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். கத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. பந்தை விட்டுத் தள்ளி நின்றால் பந்து தன்னிடம் வரும் என்று நம்ப அந்தப் பிள்ளைக்கு இதுவரை ஒரு காரணமும் கிடைத்ததில்லை. பக்கத்தில் ஓடுகிறவன் பாஸ் கொடுக்கமாட்டான் என்பது அவளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அதனால் இந்த வயதில் நான் ஆட்களைக் குறைத்துவிடுவேன். மூன்று பேருக்கு மூன்று பேர், நான்கு சின்ன கோல், கோல்கீப்பர் கிடையாது. சுமார் 28 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலம், எல்லையைக் குறிக்கக் கோன் (கூம்பு வடிவ பிளாஸ்டிக் அடையாளம்). இரண்டு முனைக் கோட்டிலும் மூலைக்கு ஒன்றாக இரண்டிரண்டு கோல். முனைக் கோட்டிலிருந்து 6 மீட்டருக்குள் வந்து அடித்தால்தான் கணக்கு. இது ஹோர்ஸ்ட் வைன் என்ற ஜெர்மன் பயிற்சியாளர் 'ஃபூனினோ' என்று பெயர் வைத்துப் பரப்பிய ஆட்டம். அவர் ஹாக்கியிலிருந்து வந்தவர் என்பது எனக்குப் பிடித்த தகவல். ஜெர்மனியில் 2024-25 சீசனிலிருந்து மிகச் சிறிய வயதினருக்கு இந்த மாதிரி ஆட்டமே கட்டாயமாகிவிட்டது.

நான்கு கோல் எதற்கு? ஒரு கோல் பக்கம் கூட்டம் சேர்ந்தால் இன்னொரு கோல் காலியாகிவிடும். பந்து வைத்திருக்கிற பிள்ளை ஒரு தடவை தலையைத் தூக்கினால் போதும், அது கண்ணில் பட்டுவிடும். திரும்பி ஓடி கோல் போட்ட பிள்ளைக்கு "இடம் மாற்றி ஆடு" என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பன்னிரண்டு பேர் வந்தால் இரண்டு மைதானம் போடுங்கள். ஐந்து நிமிட ஆட்டம் முடிந்ததும் வென்ற அணி ஒரு மைதானம் மேலே போகட்டும், தோற்ற அணி கீழே வரட்டும். மூன்று நான்கு சுற்றில் சமமானவர்கள் தாமாகவே ஒருவரையொருவர் சந்தித்துவிடுவார்கள். நீங்கள் அணி பிரித்து யாருடைய அப்பாவிடமும் பேச்சு வாங்க வேண்டாம்.

எட்டிலிருந்து பத்து வயதுக்குள் பிள்ளையின் கணக்கில் இன்னொரு ஆள் சேர்கிறார். இந்த இரண்டு வருடத்தில் நான் அதிக நேரம் செலவழிப்பது இரண்டுக்கு ஒன்று ஆட்டத்தில். 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். டிஃபென்டர் (தற்காப்பு ஆட்டக்காரர்) தன் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு முன்னே வருவார், எதிரே இரண்டு பேர். பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் பாஸை மிகச் சீக்கிரம் கொடுத்துவிடுவார்கள். டிஃபென்டர் இன்னும் ஐந்தாறு மீட்டர் தள்ளி இருக்கும்போதே பந்து போய்விட்டால், அவர் நிதானமாகப் பக்கவாட்டில் நகர்ந்து அதையும் அடைத்துவிடுவார். நேராக டிஃபென்டரை நோக்கிப் பந்தை ஓட்ட வேண்டும். அவர் ஒரு காலை ஊன்றித் தன்மேல் பாயத் தொடங்கும்போதுதான் பாஸ். பாயவில்லையா, பாஸே வேண்டாம், ஓட்டிக்கொண்டே போகலாம். "கண்டிப்பாக பாஸ் கொடு" என்று விதி வைத்தால் இந்த முடிவெடுக்கும் வாய்ப்பே போய்விடும்.

இது கைவந்ததும் பின்னாலிருந்து துரத்தி வரும் இரண்டாவது டிஃபென்டரைச் சேர்க்கவும். மூன்று மீட்டர் பின்னால் ஒரு கோன் வைத்து, அங்கிருந்து அவர் கிளம்பட்டும். இப்போது யோசிக்க நேரம் இருக்காது, மேட்ச்சிலும் இப்படித்தானே. தற்காப்புக்கு இந்த வயதில் ஒரே ஒரு வாக்கியம் போதும்: ஒருவர் பந்துக்குப் போனால் மற்றவர் அவருக்குப் பின்னால். இதற்கு மேல் சொன்னால் எதுவும் தங்காது.

இரண்டு டச்சுக்கு மேல் தொடக்கூடாது என்ற விதியைப் பத்து வயதுக்குக் கீழே நான் வைப்பதில்லை. பந்து வந்தவுடன் பயந்துபோய்த் தள்ளிவிடத்தான் அது பழக்கும். எதிராளியைத் தாண்டிப் போகும் துணிச்சல் வளர வேண்டிய வயதில் அதைப் பிடுங்கிவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் ஆட்டத்தின் அகலமும் ஆழமும் பிடிபடத் தொடங்கும். பல நாடுகளில் இந்த வயதுக்கு ஒன்பதுக்கு ஒன்பது ஆட்டம். ஆஃப்சைடும் வந்துவிடும். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 105க்கு 68 மீட்டர் என்ற முழு மைதானம் 7,140 சதுர மீட்டர். 22 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறக்குறைய 325. நாம் வழக்கமாகப் போடும் நாலுக்கு நாலு, 30க்கு 20 மைதானத்தில் ஆளுக்கு 75 சதுர மீட்டர்தான். அந்த நெருக்கத்தில் கால் வேகமாகும், எதிராளியிடமிருந்து பந்தை உடலால் மறைப்பது நன்றாக வரும். ஆனால் தொலைவில் இருப்பவரைப் பார்த்துப் பந்து அனுப்ப அங்கே ஒருநாளும் பழக முடியாது, தொலைவு என்று ஒன்று இருந்தால்தானே? வாரம் முழுக்கச் சின்னக் கட்டத்திலேயே ஆடவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சில் "ஏன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை" என்று கேட்பது நியாயமில்லை.

ஆகவே கோனை நகர்த்துங்கள். மைதானத்தை நீளமாகவும் ஒடுக்கமாகவும் ஆக்கினால் பிள்ளைகள் முன்னோக்கிப் பாஸ் தேடுவார்கள், மேலே ஓட ஆள் கிளம்பும். அகலமாகவும் குட்டையாகவும் ஆக்கி, முனைக்கு இரண்டு கோல் வைத்தால் பந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். எந்த அணியிடம் பந்து இருக்கிறதோ அந்த அணிக்கு ஆடும் பொது ஆட்டக்காரர் இரண்டு பேரைச் சேர்த்தால் (வேறு நிறப் பனியன் கொடுத்துவிடுங்கள்) பந்தை வைத்திருப்பது எளிதாகும், தற்காப்பு கடினமாகும். அணி தேறியதும் அவர்களை ஒவ்வொருவராக வெளியே எடுக்கலாம். கோல் கிக் (பந்து முனைக் கோட்டைத் தாண்டிப் போனபின் கோலுக்கு முன்னாலிருந்து அடிப்பது) எடுக்கும்போது எதிரணி பாதிக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும் என்று பயிற்சியில் ஒரு விதி வையுங்கள். கோல்கீப்பர் தூக்கி அடிப்பதை விட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கத் தொடங்குவார்.

இன்னொன்று, இந்த வயது வரைக்கும் யாரையும் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். பின்னால் ஆடிப் பார்த்தவருக்குத்தான் முன்னால் நிற்பவரின் எந்த ஓட்டம் தலைவலி என்று தெரியும்.

பதின்மூன்று, பதினான்கில் திட்டம் எல்லாவற்றையும் உடல் கலைத்துவிடும். உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் பெண்களுக்கு 12 வயதை ஒட்டியும் ஆண்களுக்கு 14ஐ ஒட்டியும் வருகிறது, ஆளுக்கு ஆள் மாறும். சீக்கிரம் வளர்ந்தவர் ஓடியே ஜெயிக்கிறார், ஆட்டத்தைப் படிக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. படிக்கத் தெரிந்த சின்ன உடல்காரர் மோதலில் விழுந்துகொண்டே இருக்கிறார். அணித் தேர்வில் வயதுப் பிரிவு ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள், சில மாதம் மூத்தவர்கள் என்பதால், அதிகம் இருப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். சில நாட்கள் வயதை மறந்துவிட்டு உடல் வளர்ச்சியை வைத்து அணி பிரியுங்கள். பெரியவர் தன்னைப் போன்ற பெரியவர்களோடு மோதும்போது முதல்முறையாகத் தோளைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார். அப்புறம், முட்டிக்குக் கீழே எலும்பு வலிக்கிறது என்று யாராவது சொன்னால் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். வளர்ச்சிக் காலத்தில் அது சகஜம், ஓட்டத்தைக் குறைத்து மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பிரெஸ்ஸிங்கை (பந்தைப் பறிக்க எதிராளிமேல் பாய்ந்து நெருக்குவதை) இந்த வயதில் தொடங்கலாம், எல்லா நேரமும் இல்லை. எப்போது பாய்வது என்பதற்கு அடையாளங்கள் சொல்லிக்கொடுங்கள்: எதிராளியின் முதல் டச் சரியில்லை, பந்து பின்னோக்கிப் போகிறது, வாங்குகிறவர் தன் கோலைப் பார்த்து நிற்கிறார். ஆறுக்கு ஆறு ஆட்டத்தில் பந்தை இழந்த ஐந்து நொடிக்குள் மீட்டு, அதைத் தொடர்ந்து போடும் கோலுக்கு இரண்டு புள்ளி கொடுங்கள். அடையாளம் தெரியாமல் ஒருவர் மட்டும் பாய்ந்தால் பின்னால் எவ்வளவு பெரிய ஓட்டை விழுகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

பதினைந்து, பதினாறில் பேச்சு கூடலாம். "ஒரு கோல் முன்னிலை, பத்து நிமிடம் மிச்சம்" என்று ஓர் அணியிடம் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் அவர்களையே பேசவிடுங்கள். பின்வரிசை எவ்வளவு இறங்க வேண்டும், நடுவரிசைக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று அவர்களே சண்டை போட்டு முடிவெடுப்பார்கள். உங்கள் பலகையும் மார்க்கரும் பையிலேயே இருக்கட்டும்.

ஒரு நாள் பயிற்சியை எந்த வயதுக்கும் ஆட்டத்தில்தான் தொடங்குவேன். பதினைந்து நிமிடம் ஆடவிட்டு, எது வரவில்லை என்று பார்த்து, அதைச் சின்னதாக எடுத்து இருபது நிமிடம் பழக்கி, மறுபடி ஆட்டம். வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருப்பதை வார்ம்-அப்பில்கூடச் சேர்ப்பதில்லை. ஆட்டத்தை நிறுத்தினால் அரை நிமிடத்துக்குள் விட்டுவிடுங்கள். "அங்கே யார் காலியாக இருந்தார்?" என்ற ஒரு கேள்விக்கு அந்த நேரம் தாராளம்.

ஆட்டம் ஒருதலையாகப் போனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். நான் முதலில் தொடுவது மைதானத்தின் அளவை. பந்தை வைத்திருக்கவே முடியவில்லை என்றால் இரண்டு பக்கமும் மூன்று மீட்டர் அகலமாக்குவேன். அதுவும் போதாவிட்டால் தோற்கிற அணிக்கு ஓர் ஆளைக் கூட்டுவேன். புள்ளி விதிகளில் கடைசியாகத்தான் கை வைப்பேன், பிள்ளைகள் அவற்றைக் குறுக்குவழியில் ஏமாற்றுவதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.