திரும்பி வரும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

கூட்டமில்லாத மலைப்பாதைகள்தான் எனக்குப் பிடிக்கும். 1,500 அல்லது 2,000 மீட்டர் உயரத்தில் நடை தொடங்கும். வண்டியை விட்டு இறங்கினால் காற்றுச் சத்தம் மட்டும்தான். வழி கேட்க ஆள் இருக்காது, கால் பிசகினால் பின்னால் வந்து தூக்கிவிடவும் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் நான் திட்டம் போடும்போது முதலில் எழுதுவது திரும்பி வந்து சேர வேண்டிய நேரத்தைத்தான்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. மலையின் நடுவில் தொடங்கும் பாதை பெரும்பாலும் இரண்டாகப் பிரியும். ஒன்று மேலே முகட்டுக்கு, இன்னொன்று கீழே பள்ளத்தாக்குக்கு. ஒருமுறை நாங்கள் மூன்று பேர் கீழே ஓடைவரை போனோம். இறங்க ஒன்றரை மணி நேரம், திரும்பி ஏற மூன்று மணி நேரம். கடைசி அரை மணி நேரம் இருட்டில், ஒரே ஒரு செல்போன் வெளிச்சத்தில் மூன்று பேரும் தடவித் தடவி நடந்தோம். மேலே ஏறும் பாதையில் களைத்துப் போனால் அங்கிருந்தே இறங்கிவிடலாம். கீழே இறங்கும் பாதையில் களைப்பு தெரியவரும்போது ஏற்றம் முழுக்க பாக்கி இருக்கும். முதல் தடவை போகிறவர்கள் மேல்பாதையையே எடுங்கள். கீழேதான் போக வேண்டும் என்றால், கையில் இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறக்கத்துக்கு, இரண்டு பங்கு ஏற்றத்துக்கு. தண்ணீரையும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள்.

சரி, எவ்வளவு நேரம் ஆகும் என்று எப்படித் தெரியும்? தூரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். ஏற்றத்தை வரைபடத்தின் சமஉயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகளை, எண்ணிக் கண்டுபிடிக்கலாம். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் என்றால் 30 கோடுகள் 600 மீட்டர். போகவர 12 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் மூன்றரை மணி நேரம் வரும். ஆனால் அது நிற்காமல் நடக்கும் திடமான ஆளின் கணக்கு. உட்காருவது, படம் எடுப்பது, வழி பார்ப்பது எல்லாம் சேர்த்து நான் 5 மணி நேரம் என்று வைப்பேன்.

மலையில் பல இடங்களில் மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடி இறங்கும். அதனால் 2 மணிக்குள் வண்டிக்கு வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காலை 7 மணிக்குக் கிளம்பினால் 2 மணி நேரம் கையிருப்பு. இறங்க 2 மணி நேரம் பிடிக்கும், அரை மணி நேரம் கூடுதலாக விட்டால் 11:30-க்குத் திரும்பியாக வேண்டும். உச்சி 200 மீட்டர் தள்ளிக் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, திரும்ப வேண்டியதுதான். இந்த நேரத்தைக் காலையிலேயே கூட வருபவர்களிடம் சொல்லிவிடுங்கள். உச்சிக்குப் பக்கத்தில் போய் நின்று பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முகட்டில் நிற்காமல் உடனே இறங்குங்கள்.

வானிலை அறிக்கை கீழே இருக்கும் ஊருக்கானதா என்று பாருங்கள். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஊரைவிட 1,200 மீட்டர் மேலே போகிறோம் என்றால் கிட்டத்தட்ட 8 டிகிரி கழித்துக்கொள்ள வேண்டும், காற்று வீசினால் இன்னும் குளிரும். பருத்திச் சட்டை வேர்வையில் நனைந்தால் லேசில் காயாது, நின்றவுடன் நடுங்க வைக்கும். 2,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான், அதனால் சீக்கிரம் மூச்சு வாங்கும். வண்டியில் மளமளவென்று ஏறி வந்திருப்போம் என்பதால் முதல் அரை மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், அதற்கு மேல் அரை லிட்டர் கையிருப்பு. வரைபடத்தில் நீலக் கோடு இருக்கிறது என்று நம்பிப் போக வேண்டாம், ஓடை வறண்டிருக்கலாம். ஆளுக்கொரு ஹெட்லேம்ப் (தலையில் மாட்டும் விளக்கு), பகல் நடைக்கும்கூட. மழைக்கோட்டு, விசில். ஆபத்தென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். வட அமெரிக்காவில் மூன்று முறை.

செல்போனில் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி, ஏரோபிளேன் மோடில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு செல்போன் சிக்னல் தேவையில்லை. ஆனால் சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும், குளிரிலும் சீக்கிரம் இறங்கும்.

அப்புறம், வண்டியில் ஏறிப் போகும்போதே சிக்னல் கடைசியாகக் கிடைக்கும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே நிறுத்தி, வீட்டில் ஒருவருக்குச் செய்தி அனுப்புவேன்: எந்தப் பாதை, எத்தனை பேர், வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிக்குள் நான் அழைக்காவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். திரும்பும்போது அதே இடத்தில் நிறுத்தி, வந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு போவேன்.