மூன்று பகடைகளில் 9, 10: எண்ணிக் கணக்கிடும் முறை

மூன்று பகடைகளை உருட்டினால் கூடுதல் 9 வருவதற்கும் 10 வருவதற்கும் ஒரே அளவு வாய்ப்புதானா என்ற ஐயம், 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் கலிலியோ வரை சென்று சேர்ந்தது. 9-ஐ 126 (அதாவது 1+2+6), 135, 144, 225, 234, 333 என ஆறு விதமாகவும், 10-ஐ 136, 145, 226, 235, 244, 334 என ஆறு விதமாகவும் பிரிக்கலாம்; ஆயினும் ஆட்டத்தில் ஊறியவர்கள் 10 சற்றுக் கூடுதலாக விழுவதைக் கவனித்திருந்தார்கள்.

இத்தகைய கணக்கில் முதல் வேலை, பகடைகளைச் சிவப்பு, நீலம், பச்சை என மனத்தளவில் பிரித்துக்கொள்வதாகும். அப்போது கூறுவெளியில், அதாவது நிகழக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பில், 6 × 6 × 6 = 216 சமவாய்ப்பு விளைவுகள் கிடைக்கின்றன; சாதகமானவற்றை மொத்தத்தால் வகுக்கும் சூத்திரம் இவற்றுக்குத்தான் செல்லுமே தவிர, மேலே கண்ட ஆறு பிரிவுகளுக்குச் செல்லாது. 126 என்பது மூன்று நிறங்களில் 3! = 3 × 2 × 1 = 6 வரிசைகளில் அமையும்; 144 மூன்று வரிசைகளில் அமையும்; 333-க்கோ ஒரே ஒரு வழிதான் உண்டு. ஆகவே 9-க்கு 6+6+3+3+6+1 = 25, 10-க்கு 6+6+3+6+3+3 = 27. பெரும்பாலான மாணவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பட்டியலிடாமலும் எண்ணலாம். பத்துப் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்தால் நடுவே 9 இடைவெளிகள் இருக்கும். அவற்றுள் இரண்டில் குச்சி வைத்தால் வரிசை மூன்று பங்காகும். இதற்கு 9 × 8 ÷ 2 = 36 வழிகள் உள்ளன. ஆனால் பகடையில் 7, 8 கிடையாது என்பதால், ஒரு பங்கு ஆறைத் தாண்டும் வழிகளை நீக்க வேண்டும். மிகையான பங்கிலிருந்து ஆறு கொட்டைகளை எடுத்துவிட்டால் மீதி நான்கை மூன்றாகப் பிரிக்க 3 வழிகள்; மிகையான பங்கு மூன்றில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் மொத்தம் 9 வழிகள். 36 − 9 = 27.

கழித்து எண்ணும் இந்த உத்தி, வினாவில் ‘குறைந்தது’ என்ற சொல் வரும்போதெல்லாம் கைகொடுக்கும். ஒரு பகடையை நான்கு முறை உருட்டி குறைந்தது ஒரு முறை 6 விழுவதற்கான நிகழ்தகவைக் காண, 6 விழவே விழாத 5 × 5 × 5 × 5 = 625 விளைவுகளை 1296-இலிருந்து கழித்தால் போதும்: 671/1296, அதாவது பாதிக்குச் சற்று மேல்.

விடையைச் சரிபார்க்கப் பகடையின் அடிமுகத்தைப் பாருங்கள். எதிரெதிர் முகங்களின் கூடுதல் 7 என்பதால், மேலே 10 தெரியும்போது கீழே 11 இருக்கும். 11-ஐத் தனியாக எண்ணினாலும் 27-தான் வர வேண்டும்.