பள்ளி டேப்பைப் பீரோவிலிருந்து வெளியே எடுப்போம்

"டேப்பா? பீரோலதான் பத்திரமா இருக்குக்கா. மதிப்பீடு போடுற அன்னிக்கு மட்டும் எடுப்பேன்."

குறுவள மையத்தில், அதாவது சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற கூட்டத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஆசிரியத் தங்கை சொன்னது இது. டேப் என்றது அரசு கொடுத்த கையடக்கக் கணினியை. பணியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏன் என்று கேட்டேன். "பசங்க கீழ போட்டுட்டா யாருக்கா பதில் சொல்றது?" என்றார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இருப்புப் பதிவேட்டில் நம் பெயருக்கு நேரே எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்கிய பொருள். கீறல் விழுந்தாலும் மனசு பதறும்.

நான் வேலை பார்ப்பது தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகிற வழியில், ஒரு ஈராசிரியர் பள்ளி. 31 பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 2024-ல் அரசு கையடக்கக் கணினி கொடுத்தபோது, எங்கள் பிள்ளைகளில் பலர் இவ்வளவு பெரிய திரையைக் கையில் தொட்டது அதுதான் முதல் தடவை. அதைப் பீரோவில் பூட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் கையில் பயமில்லாமல் கொடுக்கிற மாதிரி டேப்பைத் தயார்செய்து வைத்துவிட்டால் நம் பதற்றம் பாதி குறைந்துவிடும். நான் செய்கிறதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் நோட்டுப் புத்தகம், பிறகு டேப்

பெட்டியைப் பிரித்ததும் பட்டனை அழுத்தாதீர்கள். ஒரு பழைய நோட்டை எடுத்து டேப்பின் மாடல், வரிசை எண், சிம் போடுகிற டேப் என்றால் ஐஎம்இஐ எண், வாங்கிய தேதி, உடன் வந்த பொருள்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். எண்கள் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும்; செட்டிங்ஸில் 'டேப்லெட் பற்றி' என்ற பகுதியிலும் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிற எண்ணும் அதே எண்தானா என்று பாருங்கள். பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம்.

அடுத்தது கூகுள் கணக்கு. தயவுசெய்து இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். அவசரத்தில் நம் சொந்த மெயிலைப் போட்டுவிடுகிறோம். அப்படிப் போட்டால் நம் வீட்டுப் போட்டோக்களும் உறவினர் எண்களும் டேப்புக்குள் வந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் பின்னால் வரும். ஆண்ட்ராய்டில் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது: பக்கவாட்டுப் பட்டன்களை அழுத்தி யாராவது டேப்பை முழுதாக அழித்தால், அது திரும்ப எழும்போது முன்பு இருந்த கணக்கின் கடவுச்சொல்லையோ பழைய திரைப் பூட்டின் பின் எண்ணையோ கேட்கும். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் மாறுதலாகிப் போன ஆசிரியர் இப்படித்தான் பட்டனை அழுத்தி அழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய சொந்த மெயில், கடவுச்சொல் அவருக்கே மறந்துபோயிற்று. ஒரு பருவம் முழுக்க அந்த டேப் வெறும் பலகையாகக் கிடந்தது. பிள்ளைகள் இழந்தது ஒரு பருவம். இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

அதனால் பள்ளிக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். துறையே கணக்குக் கொடுத்திருந்தால் அதையே போடுங்கள். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறைக்குள் போட்டு ஒட்டி, தலைமையாசிரியர் பீரோவில் வையுங்கள். டேப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்த உறையைப் பூட்டி வைக்கலாம். மாறுதல் வந்தால் முதலில் செட்டிங்ஸில் கணக்கை நீக்குங்கள். பிறகு செட்டிங்ஸ் வழியாகவே அழியுங்கள். பட்டன் வழி வேண்டவே வேண்டாம். துறை சில அமைப்புகளைப் பூட்டி அனுப்பியிருந்தால் அதை உடைத்துப் பார்க்காதீர்கள்.

தேதியும் நேரமும் தானாக எடுத்துக்கொள்கிற மாதிரி வைத்துவிடுங்கள். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது. எமிஸ் (பிள்ளைகளின் வருகையையும் விவரத்தையும் பதிகிற துறைத் தளம்) திறக்கவில்லை, நெட் சரியில்லை என்று நாம் மொட்டை மாடிக்கும் மரத்தடிக்கும் அலைவோம். பார்த்தால் டேப் ஏதோ பழைய வருடத்தில் நின்றுகொண்டிருக்கும். சார்ஜ் முழுக்க இறங்கி வெகுநாள் கிடந்த டேப்பில் இது நடக்கும்.

பூட்டுக்குக் கோடு இழுக்கிற முறை வேண்டாம், ஆறு இலக்க எண் வையுங்கள். கோடு இழுத்தால் கண்ணாடியில் விரல் தடம் அப்படியே நிற்கும். முதல் பெஞ்சுப் பிள்ளை இரண்டே நாளில் பிடித்துவிடுவான். உள்ளே இருப்பது பிள்ளைகளின் ஆதார் எண், பெற்றோரின் கைபேசி எண், சாதிச் சான்று விவரம். 2023-ல் வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களுடைய விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை எதிர்பார்க்கிறது. சட்டத்தை விடுங்கள். என் பிள்ளையின் படமும் வீட்டு எண்ணும் யார் யார் போனிலோ சுற்றுவதை நான் விரும்ப மாட்டேன். பள்ளி டேப்பில் நான் வாட்ஸ்அப் ஏற்றவே இல்லை.

பிள்ளை கையில் கொடுக்கும் முன்

இந்த ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் பயம் போயிற்று. செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குள் 'ஆப் பின்னிங்' என்று ஒன்று இருக்கும். சில டேப்பில் 'ஸ்க்ரீன் பின்னிங்' என்று இருக்கும். அதை இயக்கி, கூடவே 'விடுவிக்கும் முன் பின் எண் கேள்' என்பதையும் இயக்குங்கள். பிறகு வேண்டிய ஆப்பைத் திறந்து, அண்மையில் திறந்தவை வரிசைக்குப் போய், அந்த ஆப்பின் சின்னத்தைத் தொட்டால் 'பின்' என்று வரும். அழுத்திவிட்டால் பிள்ளை எங்கே தட்டினாலும் அந்த ஆப்பை விட்டு வெளியே வர முடியாது. எமிஸுக்குள் விரல் பட்டு வருகை மாறிவிடுமோ என்ற கவலை அதோடு தீர்ந்தது.

நான் முதன்முதலில் பின் செய்து கொடுத்தது கேமராவை. "இலையை மட்டும் படம் எடுங்க, யார் மூஞ்சியையும் எடுக்கக் கூடாது" என்று சொல்லி இருவர் இருவராக அனுப்பினேன். புங்க இலை, ஆமணக்கு இலை, வேலியோரத்துக் கேவுரு கதிர் எல்லாம் வந்தது. எப்படிப் பிடிப்பது, எவ்வளவு மெதுவாகத் தொட்டால் போதும் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டது. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம்; அந்த மதிப்பீட்டுக்கு உட்காரும்போது இதன் பலன் தெரியும். திரையைப் பார்த்து மிரளுகிற பிள்ளை, விடை தெரிந்தும் தப்பாகத் தொட்டுவிடும். மொட்டில் இருக்க வேண்டியவள் ஒரு படி கீழே அரும்பில் விழுந்துவிடுவாள்.

பிறகு விசைப்பலகை. கூகுளின் ஜிபோர்டில் தமிழோடு தெலுங்கையும் கன்னடத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இடைவெளிப் பட்டையை அழுத்திப் பிடித்தால் மொழி மாறும். ஒரு பிள்ளை 'தண்ணீர்' என்று தமிழில் அடித்துவிட்டு, வீட்டில் சொல்கிற 'நீள்ளு' தெலுங்கில் எப்படி இருக்கும் என்று பார்த்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டு மொழியை வாசலில் விட்டுவிட்டு வரத் தேவையில்லை என்று அவளுக்குப் புரிந்தது. எனக்கும் அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

தமிழ்க் குரல் தட்டச்சு 2017-லிருந்தே இருக்கிறது. எங்கள் பள்ளியில் சிக்னல் வருவது சத்துணவுக் கூடத்துச் சுவரோரம் மட்டும்தான். அங்கே உட்கார்ந்து பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லாக வாசிப்பார்கள், அது எழுத்தாக ஓடும். ஆனால் ஒன்று: நம் ஊர்ப் பேச்சை அது தப்பாக எழுதினால் பிள்ளையைத் திருத்தாதீர்கள். கருவிக்கு நம் ஊர்க் காது இல்லை, அவ்வளவுதான்.

மணற்கேணி, தீக்ஷா என்ற இரண்டு பாட ஆப்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். தீக்ஷாவில் பாடப் பொருளை முன்கூட்டியே இறக்கி வைத்து நெட் இல்லாமல் காட்டலாம். நான் தேன்கனிக்கோட்டையில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் மறுநாள் பாடத்தை இறக்கிக்கொள்வேன். யானை நடமாட்டம் உள்ள மாதங்களில் இருட்டுவதற்குள் பள்ளியை விட்டுக் கிளம்பியாக வேண்டும்; உட்கார்ந்து பதிவேற்றிக்கொண்டிருக்க முடியாது.

சாக்பீஸ், மாம்பழம், மண்

உறை போடாமல் டேப்பைத் தரவே தராதீர்கள். நான்கு மூலையும் தடித்த ரப்பர் உறை போதும். பாயில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், நடந்துகொண்டு பார்க்கக் கூடாது, ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்கு மாற்றும்போது இரண்டு கையாலும் வாங்க வேண்டும். என் வகுப்பில் இந்த மூன்றுதான் சட்டம். உயரத்திலிருந்து விழுந்தால்தான் உடையும். பாயிலிருந்து எங்கே விழப்போகிறது?

சாக்பீஸ் தூளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தூளோடு அழுத்தித் துடைத்தால் கண்ணாடியில் பொடிக் கீறல் விழும். முதலில் மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியைச் சற்றே நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும். தண்ணீரைத் திரை மேல் தெளிக்கக் கூடாது. சார்ஜ் துளைக்குள் தூள் போனால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். ஊக்கு விடவும் வேண்டாம். டேப்பை அணைத்துவிட்டு, காய்ந்த பல் துலக்கும் தூரிகையால் மெதுவாகத் தட்டினால் வந்துவிடும்.

காலை உணவு, மதிய உணவு முடிந்ததும் கை கழுவித் துடைத்த பிறகுதான் டேப். எங்கள் மாவட்டத்தில் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மாம்பழக் காலம்; பெங்களூரா மாங்காயைக் கடித்துக்கொண்டே வருவார்கள். மாஞ்சாறு காய்ந்தால் திரை பிசுபிசுப்பாகி, தொடுவது சரியாகப் பதியாது. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துண்டும் வைத்துவிடுங்கள்.

சார்ஜ்

உடன் வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். தொலைந்துவிட்டால், பழைய அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் இருந்த வோல்ட், ஆம்பியர் அளவை நோட்டில் எழுதி வைத்திருந்தால் அதே அளவில் வாங்கலாம். எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் வந்து கிணற்று மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் வகுப்பு விளக்கே மங்கி மங்கி எரியும். அந்த நேரத்தில் நான் செருக மாட்டேன். கோடை மழை இடியோடு வரும்போது உடனே பிடுங்கிவிடுவேன்.

லித்தியம் பேட்டரிக்கு ஆகாதது சூடு. ஜன்னலோரம் வெயிலில், மூடிய பைக்குள், மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். முழுக்க இறங்கவிடுவதும் எப்போதும் நூறிலேயே வைத்திருப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். 20-க்கு வரும்போது செருகி, 80 தாண்டியதும் எடுத்தால் நல்லது. சில டேப்களில் பேட்டரி பாதுகாப்பு என்று ஒரு அமைப்பு உண்டு. அதை இயக்கினால் 80 அல்லது 85-ல் தானாக நிறுத்திக்கொள்ளும். இரவு முழுக்கப் பள்ளியில் செருகிவிட்டுப் போவது வேண்டாம்.

திரையின் ஓரம் லேசாகத் தூக்கினாலோ, பின்பக்கம் உப்பினாலோ அது பேட்டரி வீக்கம். அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், பிள்ளைகளிடமிருந்து தள்ளி வையுங்கள்; அன்றைக்கே வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

தண்ணீர் பட்டுவிட்டால் உடனே அணைத்து, உறையைக் கழற்றி, துளை கீழே பார்க்க நிறுத்திவைத்துக் காற்றில் உலர விடுங்கள். அரிசி டப்பாவில் புதைக்கிற பழக்கம் எங்கும் இருக்கிறது; அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும். 2024-ல் ஆப்பிள் நிறுவனமே போனை அரிசியில் வைக்காதீர்கள் என்று தன் உதவிப் பக்கத்தில் எழுதியது. முழுக்கக் காயும் முன் சார்ஜ் போட்டுப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள்.

தொலைந்துபோனால் தலைமையாசிரியருக்கும் காவல் நிலையத்துக்கும் அன்றே எழுத்தில் புகார். சிம் போடுகிற டேப் என்றால், புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைத் தடுக்கலாம். அதற்குத்தான் முதல் நாளே நோட்டில் எழுதச் சொன்னேன்.

மே மாத விடுமுறை

பள்ளியில் முன்பு இருந்த ஒரு பழைய டேப்பை நான் இப்படித்தான் இழந்தேன். ஏப்ரல் கடைசி வேலை நாள், வேலை முடிந்த களைப்பில், 3 விழுக்காட்டோடு பீரோவில் வைத்துவிட்டுப் போனேன். ஜூனில் அது எழவே இல்லை. பேட்டரி அடியோடு இறங்கி அப்படியே கிடந்தால் பிறகு மின்சாரத்தை ஏற்காமலே போய்விடும்.

இப்போது கடைசி நாள் பாதி அளவு, ஏறத்தாழ 50 விழுக்காடு சார்ஜ் ஏற்றுகிறேன். முழுதாக அணைத்து, உறையோடு துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைக்கிறேன். தகரக் கொட்டகை அறையிலோ வெயில் அடிக்கும் சுவரோரமோ வைப்பதில்லை. மே நடுவில் ஒரு நாள் போய்ப் பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றிவிட்டு வருவேன். ஜூனில் திறந்து உடனே எழவில்லை என்றால் பதறாமல் அரை மணி நேரம் சார்ஜில் விட்டுவிட்டுப் பிறகு பட்டனை அழுத்துங்கள். எழுந்ததும் முதலில் தேதியைப் பாருங்கள், பிறகு அப்டேட், பிறகு எமிஸ்.

அந்தத் தங்கை போன வாரம் போன் செய்தார். பின் செய்து கொடுத்துவிட்டாராம். விடுவிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை தானே வந்து, "மிஸ், இதைத் திறந்து விடுங்க, அடுத்த பாடம் பாக்கணும்" என்று கேட்டானாம்.