மரைன் பிளையும் மழைக்காலமும்: மெல்லிய மரத்தை லேசரில் வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் மாவட்டத்தில் நட்சத்திரம் தொங்காத தெரு கிடையாது. அப்படியொரு டிசம்பரை மனதில் வைத்துத்தான் 10 வாட் டயோடு லேசர் கருவி ஒன்றை, அதாவது சிறு மின்னணுச் சில்லிலிருந்து நீல ஒளியைப் பாய்ச்சி வெட்டும் கருவியை, வாங்கினேன். மரத்தில் நட்சத்திரம், குடிலுக்கு ஆட்டுக்குட்டியும் ஒட்டகமும், வாசலுக்குப் பெயர்ப்பலகை என்று வெட்டிக் கொடுக்கலாம் என்பது திட்டம். நாகர்கோவிலில் ஒரு கடையில் மெல்லிய பிளைவுட் கேட்டேன். கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: கடல்காற்று அடிக்கிற ஊர், மழையோ இரண்டு பருவம், போதாததற்குக் கரையான், மரைன் பிளை எடுத்துக்கொள்ளுங்கள், காலத்துக்கும் நிற்கும்.

அலமாரி செய்பவருக்கு அது பொன்னான யோசனை. லேசர் வைத்திருப்பவருக்கு அதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. அதே கோட்டில் லேசரை ஐந்து சுற்று ஓட்டியும் நட்சத்திரம் பலகையை விட்டுப் பிரியவில்லை. கத்தியால் நெம்பி எடுத்தேன். ஓரமெல்லாம் கரி, தொட்ட விரல், துடைத்த வேட்டி எல்லாம் கறுப்பு. பக்கத்து வீட்டு ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மக்களே, இதை விற்கப் போகிறாயா, அடுப்பில் வைக்கப் போகிறாயா?” என்று கேட்டார்.

என் முதல் எண்ணம், கருவிக்குச் சக்தி போதவில்லை என்பதுதான். லேசர் வாங்கும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுவே. பெரும்பாலும் பிழையானதும் இதுவே. லேசர் மரத்தை வாள்போல் அறுப்பதில்லை. மிகச் சிறிய ஒரு புள்ளியில் இருக்கும் மரத்தை நொடிப்பொழுதில் ஆவியாக்கி விரட்டுகிறது. சட்டென்று ஆவியான இடத்தில் ஓரம் இளம்பழுப்பாக நிற்கும். ஆவியாகவும் முடியாமல், வெளியேறவும் வழியில்லாமல் சூடேறிக் கிடந்த இடம் கரியாகிவிடும். கரியை ஆவியாக்குவது மரத்தை ஆவியாக்குவதைவிடக் கடினம் என்பதால் அடுத்த சுற்று இன்னும் திணறும். ஆகவே ஓரம் கறுத்திருந்தால் எத்தனை வாட் என்று கேட்பதற்கு முன்னால், வெப்பம் எங்கே தேங்கியது என்று கேட்க வேண்டும்.

எனக்கு அது பசையில் தேங்கியிருந்தது. பிளைவுட் என்பது மெல்லிய மரத்தாள்களைப் பசையால் அடுக்கி ஒட்டியது. தண்ணீருக்கு அசையாத மரைன் பிளையில் இருப்பது பீனால் பார்மால்டிஹைடு பசை. வெப்பம் பட்டால் உருகி ஓடாது, கருகிக் கெட்டிப்படும். அதற்கு மேல் கரையானுக்கும் பூஞ்சைக்கும் எதிராக மருந்தும் ஏற்றியிருப்பார்கள். அந்தப் புகையை வீட்டுக்குள் கிளப்புவது நல்லதல்ல. பலகையில் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை இருந்தால் அது மரைன் பிளை. முத்திரை இல்லாத துண்டு என்றால் ஓரத்தைப் பாருங்கள்: தாள்களுக்கு நடுவே கருஞ்சிவப்பாகக் கோடு ஓடினால் பெரும்பாலும் பீனால் பசைதான். லேசருக்கு வேண்டியது உள்ளறை வேலைக்கான, யூரியா பசை போட்ட, எடை குறைந்த பலகை. பாஸ்வுட் என்ற மென்மரத்தில் செய்த பிளை அதற்கு மிகத் தோதானது. அதைவிடக் கெட்டியான பர்ச் மரத்துப் பிளையும் நன்றாக வெட்டுப்படும், சற்று மெதுவாக. கடையில் கேட்கும்போது ‘உறுதியானது’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் உறுதியானதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

மலிவுப் பலகையில் இன்னொரு சங்கடம் உண்டு. நடுத்தாளில் முடிச்சு விழுந்த இடத்தைப் பசைமாவால் அடைத்திருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாது. எல்லாப் பக்கமும் வெட்டுப்பட்டு ஒரே ஓர் அங்குலம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். இரவில் விளக்குக்கு எதிரே மெல்லிய பலகையைப் பிடித்தால் சில சமயம் நிழலாகத் தெரியும்.

மழையும் பலகையும்

ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை என்று இரண்டு பருவமும் நனைக்கிற மாவட்டம் இது. காற்றில் ஈரம் குறையும் நாட்கள் கொஞ்சம்தான். ஈரம் குடித்த பலகை இரண்டு விதத்தில் பழிவாங்கும். லேசர் தரும் வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடுகிறது. மாசியில் ஒரே சுற்றில் விழுந்த அதே பலகை ஐப்பசியில் விழாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். இரண்டாவது, பலகை வளைகிறது. வளைவால் இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டால் அந்த இடத்தில் ஒளிக்குவியம், அதாவது ஒளி மிகச் சிறிய புள்ளியாகக் குவியும் உயரம், தப்பிவிடும்.

வளைந்ததை நிமிர்த்த வெயிலில் சாய்த்து வைக்காதீர்கள். நான் வைத்தேன். வெயில் பட்ட முகம் மட்டும் காய்ந்து சுருங்கி, பலகை எதிர்ப்பக்கம் வளைந்தது. வாங்கி வந்த அன்றே பாலித்தீன் உறையில் சுற்றி, சமதளத்தில் படுக்கவைத்து, மேலே கனமாக எதையாவது ஏற்றிவிடுவதே நல்லது. எங்கள் வீட்டில் அந்த வேலையைப் பழைய அம்மிக்கல் செய்கிறது. வெட்டும்போது நான்கு மூலையையும் காந்தத்தால் அழுத்திப் பிடிக்கலாம். பலகைக்குக் கீழே இருக்கும், துளைகள் நிறைந்த தேன்கூட்டுத் தட்டு எஃகாக இருக்க வேண்டும், அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. ஆனால் குளச்சல், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் எஃகுத் தட்டை மூடி வைக்காவிட்டால் சீக்கிரம் துரு ஏறிவிடும்.

குவியம் என்றதும் பலர் கருவியோடு வந்த அளவுக்கட்டையை வைத்துச் சரிபார்த்துவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். கட்டையின் அளவே சற்றுப் பிசகியிருக்கலாம். ஒரு துண்டுப் பலகையை ஒரு பக்கம் உயர்த்திச் சாய்த்து வைத்து, குறைந்த சக்தியில் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடு எங்கே மிக மெலிந்திருக்கிறதோ அந்த உயரம்தான் உண்மையான குவியம். எழுத்துப் பொறிக்க அந்தக் குவியம் மரத்தின் மேற்பரப்பில் விழ வேண்டும். வெட்டுவதற்கு அப்படி அல்ல: 3 மில்லிமீட்டர் பலகை என்றால் சுமார் 1 மில்லிமீட்டர் உள்ளே இறக்கிவிட்டால் வெட்டு நேராக இறங்கும், அடிப்பக்கமும் சுத்தமாக இருக்கும்.

காற்றுக்குக் கஞ்சத்தனம்

என்னைக் கேட்டால், மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு வெட்டும் இடத்தில் காற்று ஊதாமல் இருப்பது. முதல் ஆறு மாதம் நான் காற்று இல்லாமலே ஓட்டினேன். கருவியோடு காற்று ஊதும் குழாய் வரவில்லை, தனியாக வாங்க மனம் வரவில்லை. மரம் ஆவியாகும்போது எழும் புகை ஒளியின் பாதையிலேயே நின்று அதை மறைக்கிறது, லென்ஸில் படிகிறது, பலகையின் முகத்தில் மஞ்சளாக ஒட்டுகிறது, சில நேரம் சிறு தீ நாக்காகவும் எழுகிறது. லேசர் முனையருகே ஒரு மெல்லிய குழாய் வழியே விடாமல் காற்று ஊதினால் நான்கும் ஒருசேரக் குறையும். மீன்தொட்டிப் பம்பு ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை, ஆனால் வெட்டுக்குப் போதாது. சிறிய கம்ப்ரசர் வைத்த பிறகு, நான்கு சுற்று கேட்ட 3 மில்லிமீட்டர் பாஸ்வுட் ஒரே சுற்றில் விழுந்தது. கம்ப்ரசர் நம் ஊர்க் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தண்ணீராகத் திரட்டிக் குழாய் வழியே துப்பும் என்பதால் நடுவில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி ஒன்று அவசியம்.

அறையின் புகையை வெளியே தள்ளும் விசிறி இதிலிருந்து வேறானது, அதுவும் வேண்டும். அதன் குழாயை மேற்கு ஜன்னலில் வைத்துவிடாதீர்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே ஆடிக் காற்று, தள்ளிய புகை முழுவதையும் திருப்பி உங்கள் முகத்திலேயே அடிக்கும்.

எண்களைக் கடன் வாங்குவது

இன்னொருவர் கருவியின் வேகத்தையும் சக்தியையும் அப்படியே எடுத்துப் போடுவது அடுத்த தவறு. டயோடு கருவிக்காரர்கள் வேகத்தைப் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் சொல்வார்கள், வாயு அடைத்த கண்ணாடிக் குழாயில் ஒளி உண்டாக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசர்காரர்கள் நொடிக் கணக்கில். நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் என்பது நொடிக்கு வெறும் 5 மில்லிமீட்டர். அலகைக் கவனிக்காவிட்டால் அறுபது மடங்கு பிசகும். ஒரு திசையில் பிசகினால் பலகையில் வெறும் கீறல் விழும். மறு திசையில் பிசகினால் தீ பிடிக்கும். பெட்டியில் 40 வாட் என்று அச்சிட்டிருந்தால் அது கருவி இழுக்கும் மின்சாரமா, ஒளியாக வெளிவரும் திறனா என்றும் பாருங்கள்.

ஒவ்வொரு புதுப் பலகையிலும் மூலையில் சின்னச் சின்னச் சதுரங்களாக, வேகத்தையும் சக்தியையும் மாற்றி மாற்றி வெட்டிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகும். தட்டினாலே விழுகிற சதுரங்களில் எது வேகமாக வெட்டப்பட்டதோ அதைவிடச் சற்றே மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள். மிக மெதுவாக ஒரு சுற்றா, கொஞ்சம் வேகமாக இரண்டு சுற்றா என்ற கேள்வி வந்தால் நான் இரண்டு சுற்றையே எடுப்பேன். ஓரம் அவ்வளவு கருகாது.

லென்ஸ் துடைப்பதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கருவி ஆறிய பிறகு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் மெல்லத் துடையுங்கள். ‘நேற்று வெட்டியது, இன்று வெட்டவில்லை’ என்ற புலம்பலில் பாதிக்கு மருந்து அதுதான்.

40 வாட் கார்பன் டை ஆக்சைடு குழாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குழாயைக் குளிர்விக்கும் தண்ணீரில் பனிக்கட்டி போடும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். குளிர்ந்த சோடா பாட்டிலின் வெளியே நீர் முத்து முத்தாகக் கோப்பதுபோல, நம் ஊர் ஈரக்காற்றில் லேசர் குழாயின் மேலும் கோக்கும். அந்தக் குழாயில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட் மின்சாரம்.

புகைக்கறைக்கு எளிய வழி, வெட்டுவதற்கு முன் பலகையின் இரு முகத்திலும் காகித மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவது. ரெக்சின், பிவிசி வகைகளை மட்டும் எதன் பொருட்டும் லேசருக்குக் கீழே வைக்காதீர்கள். எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும், நுரையீரலையும் கெடுக்கும், கருவியின் இரும்பையும் அரிக்கும். வெட்டு ஓடும்போது தேநீர் குடிக்க எழுந்து போகாதீர்கள். தண்ணீர்த் தெளிப்பானும் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டயோடு லேசரின் நீல ஒளி விழித்திரைவரை போகக்கூடியது; வெறும் கூலிங் கிளாஸ் அதைத் தடுக்காது, அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும்.

தமிழ் எழுத்து

கடைசியாக, ஆங்கிலத்தில் பாடம் நடத்துபவர்கள் சொல்லித்தராத ஒன்று. பெயர்ப்பலகைக்காகத் தமிழ் எழுத்தை வெட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டியிருக்காது, தனியே விழும். பல எழுத்துருக்களில் விசிறி (‘கி’யில் வரும் வளைவு) போன்ற குறிகளின் கோடு எழுத்தின் கோட்டோடு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும்; அவற்றை ஒரே வடிவமாக இணைக்காமல் அனுப்பினால் லேசர் எழுத்தின் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தைப் பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, ஒன்றாகச் சேர்த்து, ஒரே கோடு இரண்டு முறை விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். புள்ளியை எழுத்தோடு பிணைக்க மெல்லிய பாலம் ஒன்று வரையலாம், அல்லது எல்லாவற்றையும் பின்பலகையில் ஒட்டலாம். ணகரத்தின் சுழி, ழகரத்தின் வளைவு போன்ற உள்வெட்டுகளை முதலில் முடித்து, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டச் சொல்லுங்கள். வெளிக்கோடு முதலில் அறுந்தால் துண்டு நகர்ந்துவிடும், பிறகு விழும் சுழி கோணலாகிவிடும்.

நான் முதலில் வெட்டியது ‘கண்ணன்’ என்ற பெயர். பெயர் மட்டும் அழகாகக் கைக்கு வந்தது. இரண்டு புள்ளிகளும் தேன்கூட்டுத் தட்டின் துளை வழியே கீழே போய்விட்டன. ஒன்றைத் தேடி எடுத்தேன். மற்றதற்குப் பதிலாக மூலைச் சதுரம் ஒன்றைத் தேய்த்து உருட்டி ஒட்டிக் கொடுத்தேன்.