கால்சியம் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால்: டாக்டரைப் பார்க்கப் போகுமுன்

அம்மாவுக்கு ரத்தத்தில் கால்சியம் 11.2 என்று வந்தபோது நாங்கள் தயார் செய்துகொண்டதை எழுதுகிறேன். பல லேப்களில் உச்ச வரம்பு 10.5-ஐ ஒட்டி இருக்கும்.

முதலில் அதே ரிப்போர்ட்டில் அல்புமினை (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) பாருங்கள். அது 4-க்குக் கீழே இருந்தால், குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் கால்சியத்தோடு 0.8 கூட்டிக்கொள்வது வழக்கம். பழைய ரிப்போர்ட்டுகளையும் தேடி எடுங்கள். மூன்று வருஷத்துக்கு முன்பே 10.7 இருந்திருந்தால் டாக்டரின் யோசனையே வேறு பக்கம் போகும்.

அடுத்தது மருந்துப் பட்டியல். எங்களை அலைக்கழித்தது இதுதான். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றால் அம்மா பிபி, சுகர் மாத்திரைகளைத்தான் சொல்வார். பாலில் கலந்து குடிக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி பவுடர் அவர் கணக்கில் மருந்தே இல்லை. வாரம் ஒன்றாக எட்டு வாரம் என்று எழுதித் தந்ததை, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் தொடர்கிறவர்கள் நிறையப் பேர். மூட்டு வலிக்குப் போட்ட வைட்டமின் டி ஊசியையும் விடாதீர்கள். அது உடம்புக் கொழுப்பில் மாதக்கணக்கில் தங்கும். பட்டியல் எழுதுவதைவிட அட்டை, கவர், டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போவதே நல்லது. பெயரின் கடைசியில் 'எச்' சேர்ந்த பிபி மாத்திரைகளில் பெரும்பாலும் தயசைடு என்ற, சிறுநீரை அதிகம் போகவைக்கும் மருந்து இருக்கும். அதுவும் கால்சியத்தைக் கூட்டும். மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியமும் அப்படியே. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

பிடிஹெச் (கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் சுரக்கும், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்) டெஸ்ட் எடுத்துவரச் சொல்கிறார்களா என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள். கால்சியத்துக்கும் அதற்கும் ஒரே நேரத்தில் ரத்தம் கொடுக்க வேண்டும். கால்சியம் ஏறினால் பிடிஹெச் இறங்க வேண்டும். அது இறங்காமல் 'நார்மல்' என்று வந்தாலும் பாராதைராய்டு சுரப்பியைச் சந்தேகிப்பார்கள். நன்றாக இறங்கியிருந்தால் வைட்டமின் டி, காசநோய், புற்றுநோய் என்று வேறு காரணம் தேடுவார்கள்.

சிறுநீரகக் கல், எலும்பு முறிவு, மலச்சிக்கல், அதிக தாகம், குடும்பத்தில் யாருக்காவது பாராதைராய்டு ஆபரேஷன் நடந்ததா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் குறித்தால் டாக்டர் முன்னால் தேடிக்கொண்டிருப்போம்.

பின்சேர்க்கை: முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சில லேப் முறைகளில் அது பிடிஹெச் அளவைத் தவறாகக் காட்டும். ரத்தம் கொடுக்குமுன் லேபில் சொல்லிவிடுங்கள்.

சிறுநீரில் எவ்வளவு கால்சியம் போகிறது என்று பார்க்க 24 மணி நேர சிறுநீர் டெஸ்ட் எழுதித் தந்தால், தொடங்கும் நாள் காலையில் முதலில் போவதைக் கேனில் பிடிக்கக் கூடாது. மறுநாள் காலை முதலில் போவதைப் பிடித்து முடிக்க வேண்டும்.

குழப்பமான பேச்சு, ஓயாத வாந்தி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம் இருந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.