குடில் தோட்டமும் கறுப்பு வெள்ளைப் படமும்

புகைப்படங்களில் கண்ட குடில் தோட்டங்களில் (பூச்செடிகள் நெருக்கமாகக் கலந்து வளரும் ஆங்கிலேய நாட்டுப்புற வீட்டுத் தோட்டங்கள்) மயங்கி, வகைக்கு ஒன்றாகச் செடிகளை வாங்கி நட்டதில், என் முற்றம் நாற்றுப் பண்ணையின் விற்பனை மேசை போலக் காட்சியளித்தது. எனக்குப் பிடித்த படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. நிறங்கள் மறைந்ததும், கோபுரமாய் நிமிர்ந்த ஃபாக்ஸ்குளோவ், அதன் காலடியில் உருண்டு திரண்ட ஜெரேனியம், பாதையின் விளிம்பைக் கல் தெரியாமல் மூடிய லாவெண்டர் என வடிவங்கள் மட்டுமே எஞ்சின. ஓவியம் பயின்று தோட்டக்கலைக்கு வந்த கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) ஒரே செடியை நீண்ட திட்டுகளாக நட்டதும் இதனால்தானோ என்று தோன்றியது. ஆகவே 12 வகைகளை 5 ஆகக் குறைத்து, ஒவ்வொன்றையும் கூட்டமாக நட்டேன். ஃபாக்ஸ்குளோவ் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும் என்பதால் (செடி முழுவதும் நஞ்சு; கையுறை அவசியம்) முதல் ஆண்டு வெறுமையாகவே கழிந்தது. மூன்றாம் ஆண்டில், உதிர்ந்த விதைகள் பாதைக் கற்களின் இடுக்கில் தாமாகவே முளைத்திருந்தன. அவற்றை நான் பிடுங்கவில்லை.