தொல்லியல் சின்னத்துக்குப் பக்கத்தில் பழைய வீடா? மராமத்துக்கு முன்னால் தூரத்தை அளந்துவிடுங்கள்

மதுரை பக்கம் கீழக்குயில்குடியில், பழைய சமணச் சிற்பங்கள் உள்ள சமணர்மலைக்குக் கீழே எங்கள் அப்பத்தா வீடு. ஓட்டை மாற்றிச் சுவரைப் பூசலாம் என்று கொத்தனாருக்கு முன்பணமும் கொடுத்த பிறகுதான், அனுமதி வாங்க வேண்டும் என்று தெரிந்தது.

முதலில், சின்னம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். சமணர்மலை இந்தியத் தொல்லியல் துறையுடையது. நீலப் பலகை இருக்கும். திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையுடையது, அதற்குச் சட்டம் வேறு. நான் எழுதுவது மத்தியச் சட்டத்துக்கு மட்டும்.

அடுத்தது தூரம். நான் இடறியது இங்கேதான். நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்கும் 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் 2010-இல் வந்த திருத்தப்படி முதல் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. மலையிலுள்ள செட்டிப்புடவு குகைச் சிற்பத்திலிருந்து செல்போன் மேப்பில் அளந்தேன், வீடு 100-க்கு வெளியே நின்றது. ஆனால் கணக்கு சிற்பத்திலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து. அப்படி அளந்தால் எங்கள் திண்ணையே உள்ளே வந்துவிட்டது. மேப் ஒரு குத்துமதிப்புக்குத்தான். சர்வேயரை வைத்து, எஃப்.எம்.பி.யில் (நிலத்தின் புல அளவு வரைபடம்) எல்லையைக் குறித்து வாங்குங்கள். அந்தச் செலவு தண்டமில்லை.

100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்கு இடமே இல்லை. 16.06.1992-க்கு முன்பே இருந்த வீட்டுக்கு மராமத்து அனுமதி கேட்கலாம். அந்தத் தேதியைக் காட்டத்தான் ஆதாரம் வேண்டும். அப்பத்தாவின் தகரப்பெட்டியில், சுருக்குப்பையில் மடித்து வைத்திருந்த பழைய வீட்டுவரி ரசீதுகள் எங்களுக்குக் கைகொடுத்தன. பட்டா, வரைபடம், நான்கு பக்கப் புகைப்படங்களோடு, இந்தச் சட்டத்துக்கென நியமிக்கப்பட்ட தகுதிவாய்ந்த அதிகாரிக்கு (Competent Authority) விண்ணப்பம் போகும். அங்கிருந்து தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்குப் போய்த் திரும்பும். அதுவரை வேலையைத் தொடாதீர்கள். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

அப்புறம், பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூச வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கிப் பூச்சு பெயரும். எங்கள் அடுப்படிச் சுவரே சாட்சி. சுண்ணாம்பே பூசுங்கள்.

பின்சேர்க்கை: "இடித்துவிட்டு அதே அளவில் கட்டினால் மராமத்துதானே?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். இல்லை. சட்டத்தில் அது மறுகட்டுமானம். 300 மீட்டர் வரையுள்ள ஒழுங்குமுறைப் பகுதியில் அதற்கு அனுமதி கேட்கலாம், 100-க்குள் முடியாது. மேலே மாடி எடுப்பதும் அப்படித்தான்.